கு. காமராசர்

கு. காமராசர் (ஜூலை 15, 1903 - அக்டோபர் 2, 1975) விருதுநகரில் பிறந்த இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் அரசியல்வாதியும் ஆவார். 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகவும், 1964 முதல் 1967 வரை இந்திய தேசிய காங்கிரசின் தலைவராகவும் பணியாற்றினார். பெருந்தலைவர், கர்மவீரர் என்னும் பட்டப்பெயர்களால் அழைக்கப்படுகிறார். பள்ளிக் கல்வி, மதிய உணவுத் திட்டம், அணைகள் ஆகியவற்றுக்காகவே இன்று பெரிதும் நினைவுகூரப்படும் இவர், தம் வாழ்நாளில் கட்சிக்குள் நடந்த தலைமைப் போட்டிகளை வென்றும் நடத்தியும் முடித்துவைத்தும் உயர்ந்தவர். நேருவுக்குப் பின் அடுத்தடுத்து இரண்டு பிரதமர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதில் இவருடைய பங்கே முதன்மையானது. கட்சிக்குள் ஒரு போட்டி எவ்வாறு நடந்தால் தோற்றவரும் அதனை ஏற்றுக்கொள்வார் என்ற கேள்வி இவரது வாழ்க்கை முழுவதும் தொடர்ந்து வந்தது.

பிறப்பும் இளமையும்

அக்காலத்தில் விருதுபட்டி என அழைக்கப்பட்ட விருதுநகரில் குமாரசாமி நாடார், சிவகாமி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி எனப் பெயரிடப்பட்டார். தாயார் ராஜா என்று செல்லமாக அழைத்து வந்ததால் இரண்டும் இணைந்து காமராசர் ஆயிற்று. நாகம்மாள் என்ற தங்கை உண்டு. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. வேளாண்மையை நம்பி வாழ இயலாத நிலையில் மக்கள் வணிகத்தையும், பின்னர் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களையும் நாடினர். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தது 1920களின் தொடக்கத்தில் ஆகும். விருதுநகரில் வணிகர்கள் மகமை என்ற பெயரில் சிறு தொகையை ஒதுக்கியும், வீடுதோறும் பிடி அரிசி பெற்றும் பொதுப்பணிகளை நடத்தினர். அவ்வாறு வளர்ந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார். பிற்காலத்தில் மதிய உணவுத் திட்டத்துக்கு ஊர்மக்களிடமிருந்தும் நன்கொடை பெறலாம் என அவர் எண்ணியதற்கு இந்த ஊர் வழக்கம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

குடும்பச் சூழலால் பன்னிரண்டு வயதளவில் படிப்பை நிறுத்தினார். தாய்மாமனின் துணிக்கடையில் வேலை பார்த்தார். அரசியல் கூட்டங்களுக்குச் செல்வதைத் தடுக்க எண்ணிய உறவினர்கள் அவரைத் திருவனந்தபுரத்தில் இருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். இம்முயற்சி பலனளிக்கவில்லை. அக்காலத்தில் விருதுநகர் நாடார் வணிகர்களில் செல்வாக்குள்ள பலர் நீதிக்கட்சியை ஆதரித்தனர். ஆகவே காங்கிரசில் சேர்ந்த இளைஞர் காமராசர் முதலில் சொந்த ஊரிலேயே சிறுபான்மையாக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

விடுதலைப் போராட்டம்

1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டு முதன்முறையாகச் சிறை சென்றார். அலிப்பூர் சிறையில் இருந்து காந்தி - இர்வின் உடன்படிக்கையை அடுத்து 1931இல் விடுதலையானார். 1933இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் சேர்க்கப்பட்டார். ஜார்ஜ் ஜோசப், பெ. வரதராஜுலு நாயுடு ஆகியோர் அவருக்காக வாதாட, குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1941இல் வேலூர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் அப்பதவியைத் துறந்தார். முழுநேரமும் செலவிட முடியாத பதவியை வைத்திருப்பது முறையன்று என்பது அவர் கருத்து.

மூன்று வாக்குகள்

1930களில் தமிழகக் காங்கிரஸ் இரண்டு அணிகளாக இயங்கியது. ஒன்று இராஜாஜியைச் சார்ந்தது. மற்றது தீரர் சத்தியமூர்த்தியைச் சார்ந்தது. காமராசர் சத்தியமூர்த்தியைத் தம் அரசியல் குருவாகக் கொண்டார். 1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் குழுவின் தலைவரானபோது காமராசர் செயலாளரானார். 1937இல் சாத்தூர் தொகுதியில் இருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தேர்தலுக்குப் பின் இராஜாஜி முதலமைச்சரானார். சத்தியமூர்த்திக்கு அமைச்சரவையில் இடம் கிடைக்கவில்லை. இந்த மனக்குறை அவ்வணியில் நெடுநாள் தங்கியது.

1940இல் நடந்த மாநிலத் தலைவர் தேர்தலில் சத்தியமூர்த்தி தாம் போட்டியிடாமல் காமராசரை நிறுத்தினார். இராஜாஜி அணியின் சார்பில் கோவையைச் சேர்ந்த சி. பி. சுப்பையா போட்டியிட்டார். காமராசர் 103 வாக்குகளும் சுப்பையா 100 வாக்குகளும் பெற்றனர். இருவர் மாற்றி வாக்களித்திருந்தால் தமிழக அரசியல் வரலாறு வேறாகியிருக்கும். வெற்றிக்குப் பின், குருவான சத்தியமூர்த்தி தம் சீடரின் கீழ் செயலாளராகப் பணியாற்ற முன்வந்தார். முடிவு குறுகிய வேறுபாட்டில் அமைந்தபோதும் எதிரணி அதனை ஏற்றுக்கொண்டது. வாக்குகள் எண்ணப்பட்டு அனைவருக்கும் தெரிந்த முடிவாக அது இருந்ததே இதற்குக் காரணம் எனலாம்.

1946: தலைமை யாருடைய உரிமை?

1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஏற்காத இராஜாஜி காங்கிரசை விட்டு விலகினார். காமராசர் உள்ளிட்ட தொண்டர்கள் மூன்று ஆண்டுகள் சிறையில் கிடந்தனர். சத்தியமூர்த்தி 1943இல் காலமானார். 1945இல் விடுதலையாகி வந்த காமராசர், இராஜாஜி மீண்டும் கட்சிக்குள் வந்து தலைமை ஏற்க டெல்லித் தலைவர்கள் விரும்புவதைக் கண்டார். அவ்வாண்டு திருப்பரங்குன்றத்தில் கூடிய மாநாட்டில் இதற்குக் கடும் எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டது.

1946இன் தொடக்கத்தில் காந்தி தமிழகம் வந்து மதுரைக்கும் பழனிக்கும் சென்றார். திரும்பிய பின் தம் அரிசன் இதழில், இராஜாஜிக்கு எதிராக ஒரு சிறு கும்பல் செயல்படுவதாகப் பொருள்படும்படி எழுதினார். சிறைமீண்ட தொண்டர்களை இது புண்படுத்தியது. காமராசர் காந்தியுடன் வாதிடவில்லை. கட்சியின் ஆட்சிமன்றக் குழுவில் இருந்து விலகினார். மாநிலத் தலைவர் பதவியில் மட்டும் தொடர்ந்தார்.

தேர்தலுக்குப் பின்னும் இராஜாஜியை முதலமைச்சராக்கும்படி மேலிடம் விரும்பியது. சட்டமன்ற உறுப்பினர்கள் அதனை ஏற்கவில்லை. பிறகு நடந்த போட்டியில் காமராசரின் ஆதரவு பெற்ற சி. என். முத்துரங்க முதலியாரைத் தோற்கடித்து ஆந்திரத் தலைவர் த. பிரகாசம் முதலமைச்சரானார். காமராசரின் வாழ்க்கை வரலாறுகள் பலவும் விரைந்து கடந்துசெல்லும் பகுதி இது. ஓராண்டுக்குள், 1947 மார்ச்சில், காமராசரும் பிற அணியினரும் சேர்ந்து பிரகாசத்தை நீக்கி ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரைக் கொண்டுவந்தனர். கட்சி சொல்வதற்கெல்லாம் இணங்காத ஓமந்தூராரும் 1949இல் விலக நேர்ந்தது. அவரையடுத்து இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா முதலமைச்சரானார். மேலிடம் ஒருவரைத் திணிப்பதை எதிர்த்த காமராசர், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கட்சி அமைப்பின் பலத்தால் மாற்றவும் தயங்கவில்லை என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

1954 தேர்தலும் அமைச்சரவையும்

1952 பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் பெரும்பான்மை பெறவில்லை. தேர்தலில் போட்டியிடாத இராஜாஜி, ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் எனப் பெயர்பெற்ற இதற்குப் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் திராவிட முன்னேற்றக் கழகமும் மட்டுமன்றிக் காங்கிரஸ் உறுப்பினர்களே எதிர்ப்புத் தெரிவித்தனர். வெடிகுண்டு வழக்கில் காமராசருக்காக வாதாடிய அதே வரதராஜுலு நாயுடு, தலைமை மாற்றம் கோரிய உறுப்பினர்களுக்கு முன்னின்றார்.

1954 மார்ச் இறுதியில் இராஜாஜி பதவி விலக முடிவு செய்தார். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசரும், இராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். காமராசர் 93 வாக்குகளும் சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். ஏப்ரல் 13, 1954 அன்று காமராசர் முதலமைச்சராகப் பதவியேற்றார்.

காமராசரைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் குறிப்பிடும் முடிவு இதன் பின்னரே வருகிறது. தம்மையும் சேர்த்து எட்டுப் பேர் மட்டுமே கொண்ட அமைச்சரவையில், எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் சேர்த்துக்கொண்டார். பெயரளவுக்கு அன்று, நிதி, கல்வி ஆகிய முக்கியத் துறைகளைச் சுப்பிரமணியத்திடம் ஒப்படைத்தார். கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பி. பரமேசுவரன் அறநிலையத் துறையைப் பெற்றார். இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கூறுவது முழுமையாகாது. 41 பேரை வெளியே நிறுத்தினால் அரசு நிலைக்காது என்பதைக் காமராசர் அறிந்திருந்தார். ஆயினும் பெரும்பான்மை கையில் இருந்தும் இவ்வாறு செய்யாத தலைவர்களே மிகுதி.

சட்டமன்ற உறுப்பினராக இல்லாத அவர் மேலவை வழியாக நுழைய விரும்பாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். பெரியாரும் தி.மு.க.வும் அவரை ஆதரித்தனர்.

எல்லோரும் இணங்கிவிடவில்லை. இராஜாஜியின் ஆதரவாளர் சிலர் 1957 தேர்தலில் காங்கிரஸ் சீர்திருத்தக் குழு என்ற பெயரில் தனித்துப் போட்டியிட்டனர். பின்னர் அவர்கள் 1959இல் இராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியில் இணைந்தனர். 1957, 1962 தேர்தல்களில் காமராசர் சாத்தூர் தொகுதியில் வென்றார்.

காமராசர் திட்டம்

1963இல் மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற யோசனையை நேருவிடம் முன்வைத்தார். ஆறு மத்திய அமைச்சர்கள், ஆறு முதலமைச்சர்கள் ஆகியோரின் விலகல் ஏற்கப்பட்டது. மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜகஜீவன் ராம், எஸ். கே. பாட்டீல் ஆகியோர் விலகிய மத்திய அமைச்சர்களுள் அடங்குவர். காமராசரும் அக்டோபர் 2, 1963 அன்று முதலமைச்சர் பதவியைப் பக்தவத்சலத்திடம் விட்டுச் சென்றார். தம்மை வாரிசுப் போட்டியில் இருந்து அகற்றவே இத்திட்டம் வகுக்கப்பட்டது என்று மொரார்ஜி தேசாய் பின்னாளில் கருதினார். விலகிய மத்திய அமைச்சர்களுள் சாஸ்திரி மட்டும் சில மாதங்களில் மீண்டும் அமைச்சரவைக்கு அழைக்கப்பட்டார் என்பதால் அவரது ஐயத்தை முற்றிலும் ஆதாரமற்றது என ஒதுக்க இயலாது. அதே வேளையில், தம் பதவியையே முதலில் துறந்தவர் மீது தன்னலக் குற்றச்சாட்டைச் சுமத்துவதும் எளிதன்று.

இரண்டு பிரதமர்கள்

காங்கிரஸ் தலைவராகக் காமராசர் பொறுப்பேற்ற சில மாதங்களில், மே 27, 1964 அன்று நேரு காலமானார். மொரார்ஜி தேசாய் போட்டியிட விரும்பினார். வெளிப்படையான போட்டி கட்சியைப் பிளக்கும் என அஞ்சிய காரியக் குழு, கருத்தொற்றுமையைக் கண்டறியும் பொறுப்பைக் காமராசரிடம் அளித்தது. அவர் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் முதலமைச்சர்களையும் சந்தித்துக் கருத்துக் கேட்டார். சாஸ்திரிக்கே பெரும்பான்மை ஆதரவு என அறிவித்தார். ஜூன் 2 அன்று குல்சாரிலால் நந்தா முன்மொழிய, மொரார்ஜி தேசாயே வழிமொழிய, சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார்.

இந்த முறையின் நியாயம் அன்றே கேள்விக்குள்ளானது. வாக்குப்பெட்டி இல்லை, எண்ணிக்கைத் தாள் இல்லை. யார் யாருக்கு எத்தனை பேர் ஆதரவு என்ற கணக்கு வெளியிடப்படவும் இல்லை. கேட்டவரும் எண்ணியவரும் முடிவை அறிவித்தவரும் ஒருவரே. மீண்டும் சரிபார்க்க வழியற்ற ஒரு முடிவை ஏற்பதற்கு, எண்ணியவர் மீதான நம்பிக்கை ஒன்றே பிடிமானம். 1964இல் காமராசர் மீது அந்த நம்பிக்கை இருந்தது. தமக்காக எதையும் கேளாதவர் என்பதே அதற்கு அடிப்படை.

ஜனவரி 11, 1966 அன்று தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். காமராசரே பிரதமராக வேண்டும் என அதுல்ய கோஷ் போன்ற தலைவர்கள் விரும்பினர். இந்தியிலும் ஆங்கிலத்திலும் சரளமாகப் பேச இயலாத தாம் அப்பொறுப்புக்கு ஏற்றவரல்லர் எனக் கருதி அவர் மறுத்தார். முதலமைச்சர்கள் பலர் இந்திரா காந்தியை ஆதரித்தனர். காமராசரும் அவரையே தெரிவு செய்தார். ஆனால் இம்முறை மொரார்ஜி தேசாய் கருத்தொற்றுமை என்ற பேச்சை ஏற்கவில்லை. மறைமுக வாக்கெடுப்பு வேண்டும் என்று உறுதியாக நின்றார். ஜனவரி 19 அன்று நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நடந்த வாக்கெடுப்பில் இந்திரா காந்தி 355 வாக்குகளும் மொரார்ஜி தேசாய் 169 வாக்குகளும் பெற்றனர். தோற்ற மொரார்ஜி கட்சியை விட்டு விலகவில்லை. 1964இல் தவிர்க்கப்பட்ட போட்டி 1966இல் நடந்தபோது, அஞ்சியதுபோல் கட்சி உடைந்துவிடவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

விருதுநகர் தோல்வி

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, விலைவாசி உயர்வு ஆகியவற்றால் தமிழகத்தில் காங்கிரஸ் எதிர்ப்பு வலுத்திருந்தது. 1967 தேர்தலில் காமராசர் சாத்தூரை விட்டுச் சொந்த ஊரான விருதுநகரில் போட்டியிட்டார். தி.மு.க.வின் இளம் மாணவர் தலைவரான பெ. சீனிவாசன் 1,285 வாக்குகள் வேறுபாட்டில் அவரைத் தோற்கடித்தார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. தோல்வியைக் காமராசர் மக்கள் தீர்ப்பாக ஏற்றார். வாக்கு எண்ணிக்கையைக் குறை கூறவில்லை.

மத்தியிலும் காங்கிரசின் பெரும்பான்மை சுருங்கியது. மொரார்ஜி மீண்டும் பிரதமர் பதவிக்குப் போட்டியிட முனைந்தபோது, அவர் துணைப் பிரதமராவதென உடன்பாடு ஏற்பட்டுப் போட்டி தவிர்க்கப்பட்டது. 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராசர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வேறுபாட்டில் வென்று நாடாளுமன்றம் சென்றார்.

குடியரசுத் தலைவர் வேட்பாளரும் கட்சிப் பிளவும்

1969 மே மாதம் குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் காலமானார். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜூலையில் பெங்களூரில் கூடிய ஆட்சிமன்றக் குழுவில், இந்திரா காந்தி ஜகஜீவன் ராமை விரும்பினார். காமராசர், மொரார்ஜி தேசாய், எஸ். கே. பாட்டீல் ஆகியோர் நீலம் சஞ்சீவ ரெட்டியை ஆதரித்தனர். பெரும்பான்மை ரெட்டியின் பக்கம் நின்றது. விதிப்படி பார்த்தால் அங்குப் போட்டி முடிந்துவிட்டது. ரெட்டியின் வேட்புமனுவை இந்திரா காந்தியே முன்மொழிந்தார்.

ஆனால் சில நாள்களில் மொரார்ஜியிடம் இருந்து நிதித் துறை பறிக்கப்பட்டது. ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. வி. வி. கிரி சுயேச்சையாகப் போட்டியிட்டார். கட்சித் தலைவர் எஸ். நிஜலிங்கப்பா ஜனசங்கம், சுதந்திராக் கட்சித் தலைவர்களிடம் இரண்டாம் விருப்ப வாக்குகளைக் கேட்டது, இந்திரா காந்தி அணிக்குத் தகுந்த காரணமாயிற்று. மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்ற அழைப்பு எழுந்தது. தமிழகத்தில் தி.மு.க. கிரியை ஆதரித்தது. ஆகஸ்டு 20 அன்று வெளியான முடிவில் கிரி 4,20,077 மதிப்பு வாக்குகளும் ரெட்டி 4,05,427 மதிப்பு வாக்குகளும் பெற்றனர்.

கட்சி கூடி எடுத்த முடிவை, முன்மொழிந்தவரே கைவிட்டது காமராசர் அணியினரின் குறை. ஒரு சிலர் மூடிய அறையில் செய்த தேர்வு எப்படிக் கட்சியின் முடிவாகும் என்பது எதிரணியின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு 1964இன் நினைவு வலிமை சேர்த்தது. நவம்பர் 12, 1969 அன்று இந்திரா காந்தி கட்சியை விட்டு நீக்கப்பட்டார். காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. காமராசர் நிறுவனக் காங்கிரசில் இருந்தார்.

இறுதிக்காலம்

1971 தேர்தலில் தம் நெடுநாள் எதிரணித் தலைவரான இராஜாஜியின் சுதந்திராக் கட்சியுடன் கூட்டணி அமைத்தார். முப்பது ஆண்டுப் போட்டி இவ்வாறு முடிந்தது. எனினும் தமிழகத்தில் அவரது கட்சிக்கு நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதி மட்டுமே கிடைத்தது. அங்கு வென்றவர் அவரே. 1975 ஜூனில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை அவரை மிகவும் வருத்தியது. அக்டோபர் 2, 1975 அன்று, காந்தி பிறந்த நாளில், சென்னை தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் உள்ள வாடகை வீட்டில் காலமானார். சொத்து எதுவும் சேர்த்துவைக்கவில்லை.

நினைவுச் சின்னங்கள்

1976இல் பாரத ரத்னா விருது இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது. மதுரைப் பல்கலைக்கழகம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1985இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களைக் கொண்ட புதிய மாவட்டத்துக்குக் காமராசர் மாவட்டம் எனப் பெயரிடப்பட்டது. 1997இல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. விருதுநகரில் அவர் வாழ்ந்த வீடும், சென்னையில் அவர் இறுதிவரை வாழ்ந்த வீடும் அரசு நினைவில்லங்களாகப் பராமரிக்கப்படுகின்றன. அவரது பிறந்த நாளான ஜூலை 15, தமிழகப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது.